பட்டாளம் போயிற்று; பழக்கம் போயிற்றா?

தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே பொறளைக்குச் செல்வோர் வெலிக்கடைச் சிறையின் மதிலைக் கடந்தே செல்லல் வேண்டும். அம்மதிலுக்குள்ளேதான் 1915ஆம் ஆண்டு ஜூலை 7ஆந் திகதி, கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ் என்னும் இருபத்தாறு வயது இளைஞர், இராணுவ மன்றின் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவ்வாண்டு மே 28ஆந் திகதி வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலகம் கொழும்புக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்களும் மாண்டன. அக்கொடுமையை அடக்குவது அரசின் கடமையே. ஆனால் தேசாதிபதி சார்மர்ஸ் செய்தது யாது? ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் தணிந்தது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. பேதிரிஸ் கொல்லப்பட்டது அமைதி திரும்பி ஒரு மாதம் சென்ற பின்னரே!

அந்நாட்களின் கதையைச் சொல்வோர் ‘பஞ்சாபிப் பட்டாளம்’ என்றே பழியைச் சாட்டுவர். அது பிரித்தானிய இந்திய இராணுவத்தின் 28ஆவது பஞ்சாபிப் படைப்பிரிவு. சுட்ட கை அதனுடையதாயின், அதற்கும் பொறுப்புண்டு. ஆயினும் கட்டளையிட்டவர் யார்? துப்பாக்கி தாங்கித் தெருவில் இறங்கிய ஐரோப்பியத் தொண்டர்கள் யாவர்? கூலிக்கு வந்த சிப்பாயின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுவது, ஏகாதிபத்தியத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து நாமே இறக்கிவிடுவதாகும்.

சட்டம் பயின்ற என்னை அக்குண்டுகளினும் அதிகமாக உறுத்துவது ஒரு காகிதம். 1915 ஆகஸ்டில் பிரித்தானிய மன்னரின் ஆணையொன்று பிறந்தது. கலகத்தை அடக்கும் பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவற்றுக்காக எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்று அது விதித்தது. பொறுப்புவிலக்கு என்பது இதுவே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து இராணுவ ஆட்சியின் அநீதிகளை அம்பலப்படுத்தினார். முஸ்லிம் மக்களின் துயரை அவர் உரிய அளவில் எடையிடவில்லை என்பது என் கருத்து. எனினும், விசாரணையின்றி மனிதனைக் கொல்ல அரசுக்கு உரிமையில்லை என அவர் சிங்கள மக்களுக்காக வாதாடியது மறக்கற்பாலதன்று.

அச்சிப்பாய்களின் தாயகமேனும் தப்பியதா? 1919 ஏப்ரல் 13ஆந் திகதி அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் நிராயுதபாணிகளைச் சுட்டு வீழ்த்தினார். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே இந்தியாவிலும் பொறுப்புவிலக்குச் சட்டம் நிறைவேறிற்று. நமக்கு அளந்த அதே படியால் பஞ்சாபுக்கும் அளந்தார்கள்.

பட்டாளம் போயிற்று. 1948இல் ஆட்சியும் கைமாறிற்று. பழக்கம் போயிற்றா? 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், 1977 ஆகஸ்டில் அதிகாரிகள் நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்கு விலக்களித்தது. 1988இல் அக்காலவரை அவ்வாண்டு டிசெம்பர் வரை நீட்டப்பட்டது. 1983 ஜூலை 25ஆந் திகதியும் 27ஆந் திகதியும் அதே வெலிக்கடை மதிலுக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டமை அக்காலவரைக்குள் அடங்கியதன்றோ? அக்கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நல்லெண்ணத்தோடு செய்தவனுக்கு நீதிமன்றைக் கண்டு அச்சம் எதற்கு? அங்கே வந்து அதனை மெய்ப்பிக்கட்டும். 1915இல் சிங்களவர் கேட்டதும் இதுவே. இன்று தமிழர் கேட்பதும் இதுவே. கடையையும் உயிரையும் இழந்த முஸ்லிமுக்கு உரியதும் இதுவே. முன்கூட்டியே மன்னிப்பு எழுதிக் கொடுக்கும் சட்டம், எந்த அரசின் முத்திரையைத் தாங்கி வந்தாலும், அடுத்த கொலைக்கு எழுதிய அனுமதிச் சீட்டேயாகும்.