சொடக்கின் பொருள்

பெங்களூருவின் இந்திராநகர், கோரமங்களா பகுதிகளின் மதுக்கூடங்களில் 'ஓப்பன் மைக்' என்ற பெயரில் கவிதை வாசிப்புகள் நிகழ்கின்றன. பெரும்பாலும் விற்பனை மந்தமான வாரநாள் மாலைகளே கவிதைக்கு வாய்க்கின்றன. அதில் குறைகாண ஒன்றுமில்லை. பெயர் கொடுத்த எவரும் மேடையேறலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். எத்தகைய கவிதைக்கும் அவை விரல்களைச் சொடுக்கிப் பாராட்டும்.

அந்தச் சொடக்கின் வரலாறு சுவையானது. கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித், 1986 ஜூலையில் சிகாகோவின் கிரீன் மில் என்னும் ஜாஸ் மதுவிடுதியில் ஞாயிறுதோறும் 'ஸ்லாம்' கவிதைப் போட்டியைத் தொடங்கினார். பார்வையாளர்களிலிருந்தே நடுவர்களை அமர்த்தி, 0 முதல் 10 வரை மதிப்பெண் இடச் செய்தார். அங்கே சொடக்கு சலிப்பின் குறி. சலிப்பு முற்றினால் தரையில் காலை உதைப்பார்கள், பிறகு முனகுவார்கள். அதே ஓசை பிற அவைகளில் பாராட்டாக வழங்குகிறது. ஓசைக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியே என்று மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு: தம் கவிதை சலிப்பூட்டியது என்பதைக் கவிஞர் அறிய வழியே இல்லை.

உருது முஷாயிராவில் இளையவர் முதலிலும் மூத்தவர் இறுதியிலும் வாசிப்பது மரபு. எனவே தம் முறை முடிந்த இளங்கவிஞர் எழுந்து போவதில்லை, அவரும் கேட்பவராகிறார். கஸலின் ஈரடிகளில் முதலடியை இருமுறை சொல்லி நிறுத்துவார்கள். இயைபு எங்கே விழும் என்று ஊகித்த அவை, கவிஞரோடு சேர்ந்தே அடியை முடிக்கும். பிடித்துவிட்டால் 'முகர்ரர்' என்று திரும்பச் சொல்லக் கேட்கும். தமிழ்க் கவியரங்கிலும் 'இன்னொரு முறை' என்ற குரல் எழுவதுண்டு. கேட்பவர் அங்கே விருந்தினர் அல்லர், பங்காளி.

மதுக்கூடத்திலோ கேட்பவர் எனத் தனியே ஒருவர் இல்லை. அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் தம் முறைக்காகக் கைபேசியில் தம் கவிதையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள். மீதிப்பேர் அவர்களுடைய நண்பர்கள். கன்னடத்தில் எழுதுபவரின் நிலை இன்னும் பரிதாபம். தம் ஊரிலேயே, தம் கவிதையை ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுத்தான் அவர் வாசிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐந்தில் இரண்டு நிமிடம் அந்த மன்னிப்புக்கே போய்விடுகிறது.

பெயர்ப்பட்டியலைப் பாதியாக்கி, ஒவ்வொரு கவிதையையும் இருமுறை வாசிக்க விடலாம். முதல் வாசிப்பு ஓசைக்கு. இடையில் பொருள் கேட்க விரும்புவோர் கேட்கலாம். இரண்டாவது முறை மொழி தெரியாதவருக்கும் ஏதோ ஒரு சொல் பிடிபடும். விடுதி உரிமையாளர் இதற்கு எளிதில் இசையமாட்டார். ஒவ்வொரு கவிஞரும் நான்கு நண்பர்களை அழைத்து வருகிறார். அவர்கள்தாம் அன்றைய வியாபாரம். அவரிடம் பேச வேண்டியவர்கள் நிகழ்ச்சியை நடத்தும் இளைஞர்களே.