கார் ஆயிலை நாமே மாத்தினா எவ்வளவு மிச்சம்? என் பில்லை வெச்சே பார்ப்போம்



காருக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகுதுன்னு ஒரு வீடியோவில் என் சொந்தக் கணக்கைக் காட்டியிருந்தேன். அதுக்கு அதிகமா வந்த கேள்வி இதுதான்: "சார், சர்வீஸுக்கு எட்டாயிரத்துக்கு மேல கொடுத்திருக்கீங்களே, ஆயிலை நீங்களே மாத்திக்கலாமே? அரை மணி நேர வேலைதானே?"

நியாயமான கேள்வி. நானும் ஒருதடவை மாத்திப் பார்த்தவன்தான். அந்தக் கதையை அப்புறம் சொல்றேன். என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன். வாரண்டியில் இருக்கிற காருக்கு ஆயிலை நாமே மாத்துறது பெரிய லாபம் இல்லை. ஆனா சர்வீஸ் சென்டரில் நீட்டுகிற எஸ்டிமேட்டைப் படிக்காம கையெழுத்துப் போடுறது நிச்சயமான நஷ்டம்.

பில்லைப் பிரிச்சுப் பார்ப்போம்

என்னிடம் இருப்பது சின்ன பெட்ரோல் ஹாட்ச்பேக். 20,000 கி.மீ. சர்வீஸுக்கு ஷோரூம் சர்வீஸ் சென்டரில் நான் கட்டியது ஜிஎஸ்டியோடு ரூ.8,520. அதன் விவரம் (எல்லாமே வரி சேர்த்து):

• இன்ஜின் ஆயில் – ரூ.2,050
• ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர் – ரூ.170
• சர்வீஸ் லேபர் – ரூ.2,180
• வீல் அலைன்மென்ட், பேலன்சிங் – ரூ.1,100
• இன்ஜின் ஆயில் அடிட்டிவ் – ரூ.480
• ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் – ரூ.890
• உள்ளே வெளியே கிளீனிங், கோட்டிங் – ரூ.1,650

இதில் ஆயில் மாத்துற வேலைக்கு நேரடியாகச் சேர்ந்தது முதல் மூணு வரிதான்: ரூ.4,400. கடைசி மூணு வரி, அதாவது ரூ.3,020, கார் கம்பெனி கொடுத்த ஓனர்ஸ் மேனுவலின் சர்வீஸ் அட்டவணையில் எங்கேயும் இல்லை. ஊரார் கணக்கையெல்லாம் வரி வரியா ஆடிட் பண்ற நான், என் பில்லைப் படிக்கவே இல்லை. சனிக்கிழமை காலை, ஆபீஸ் போன் ஒரு காதில், அட்வைசர் காட்டின இடத்தில் கையெழுத்து. வீட்டுக்கு வந்து பார்த்தப்போதான் தெரிஞ்சது.

மொத்த பில்லில் 18% ஜிஎஸ்டி மட்டும் சுமார் ரூ.1,300. இன்புட் கிரெடிட் எடுக்கிற வழி சம்பளக்காரருக்குக் கிடையாது. தேவையில்லாத வேலைக்குக் கொடுத்தா, அதுக்கான வரியும் நம்ம பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

நாமே செய்தா என்ன ஆகும்?

இந்த மாதிரி காருக்கு மூணரை லிட்டர் ஆயில் போதும். நல்ல கடையில் ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாம் சேர்த்து ரூ.2,050-க்கு வாங்கிடலாம். ரூ.4,400-இல் அதைக் கழிச்சா மிச்சம் ரூ.2,350. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா ஒரு முதலீடும் இருக்கு. ஜாக் ஸ்டாண்ட் ஜோடி ரூ.1,800, டார்க் ரெஞ்ச் ரூ.2,000, ஸ்பேனரும் ஃபில்டர் ரெஞ்சும் ரூ.900, டிரே, புனல், கிளவுஸ் ரூ.800. மொத்தம் ரூ.5,500. "வண்டியோட வந்த ஜாக்கே போதுமே" என்று யாராவது சொன்னா தயவுசெய்து கேட்காதீங்க. அது டயர் மாத்த மட்டும்தான். அதை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கிறது உயிரோடு விளையாடுற வேலை.

வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் டூல்ஸுக்குப் போட்ட பணம் திரும்பி வரவே மூணாவது வருஷம் ஆகும். அஞ்சு வருஷத்தில் 2,350 × 5 = ரூ.11,750. டூல்ஸ் போக நிகர மிச்சம் ரூ.6,250.

இப்போ இன்னொரு கணக்கு. ஷோரூமிலேயே சர்வீஸ் விட்டு, அந்த மூணு வரிக்கு மட்டும் "வேண்டாம்" என்று சொன்னா, அஞ்சு வருஷத்தில் 3,020 × 5 = ரூ.15,100. டூல்ஸ் வேண்டாம், கையில் கரி வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

"என் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு சம்பளம்" என்ற வாதம்

ஃபைனான்ஸ் பேசுறவங்க பலர் சொல்ற வாதம் இது: "மாசம் 60,000 சம்பளம், 22 நாள், தினம் 8 மணி நேரம். அப்போ உங்க ஒரு மணி நேரம் சுமார் ரூ.340. அதனால் இந்த வேலையெல்லாம் வெளியே கொடுத்திடுங்க."

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்க ஆயில் மாத்தலைன்னா அந்த நேரத்துக்கு ஆபீஸில் ரூ.340 தருவாங்களா? மாசச் சம்பளக்காரருக்கு லீவு நாள் நேரத்தின் விலை பணத்தில் இல்லை. அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதுதான் கேள்வி. பிடிச்சா தாராளமா செய்யுங்க, அது ஒரு ஹாபி.

நான் பார்க்கிறது ரிஸ்க். சர்வீஸ் சென்டர் தப்பு செய்தா கையில் ஜாப் கார்டு இருக்கு, பில் இருக்கு, நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். நாமே தப்பு செய்தா? நம்ம மேல நாமே கேஸ் போட முடியாது.

என் கதை

சில வருஷம் முன்னாடி, அப்பாவின் பழைய கார். வாரண்டி எப்பவோ முடிஞ்சது. தெரு முனை மெக்கானிக் லேபர் ரூ.500 கேட்டார். "இதுக்குப் போய் ஐந்நூறா?" என்று நானே செய்தேன். ஆயில் இறங்கினது, ஃபில்டர் மாத்தினேன், புது ஆயில் ஊத்தினேன், எல்லாம் சரி. பழைய வாஷரையே திரும்பப் போட்டேன், டிரெயின் பிளக்கைக் கை அளவில் முறுக்கிட்டு எழுந்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். குடும்பத்தோட கிளம்பினோம். மேல்மருவத்தூர் தாண்டினதும் டேஷ்போர்டில் சிவப்பா ஆயில் விளக்கு. நான் "அடுத்த பங்க்ல பார்த்துக்கலாம்பா" என்றேன். அப்பா விடலை. "டேய், வண்டிய ஓரம் கட்டுடா. இன்ஜினை ஆஃப் பண்ணு" என்றார். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா நுனியில் கூட ஆயில் இல்லை.

அந்த விளக்கு ஆயில் அளவுக்கானது இல்லை, ஆயில் அழுத்தத்துக்கானது. எரிஞ்சா அடுத்த நிமிஷமே இன்ஜினை நிறுத்தணும். அன்னைக்கு அப்பா இல்லைன்னா இன்ஜின் சீஸ் ஆகியிருக்கும், அந்தப் பழைய காரையே எடைக்குப் போட வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம். டோயிங் ரூ.2,800, மறுபடி ஆயில் ரூ.1,700, பிளக், வாஷர், லேபர் ரூ.700. மொத்தம் ரூ.5,200. நான் மிச்சம் பிடிச்சது ரூ.500. அப்பா இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை திட்டலை. ஆனா கார் சாவியைக் கேட்டா, "ஆயில் பார்த்துட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

வாரண்டி என்ன சொல்லுது?

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் ரூ.2,545 கோடி அபராதம் போட்டது. உதிரி பாகங்கள் வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்காமல் கட்டுப்படுத்தினாங்க என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமா ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போச்சு. 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளமும் ஆரம்பிச்சது. அதில் வாகனத் துறையும் உண்டு.

ஆக, நியாயம் நம்ம பக்கம்தான். ஆனா நாளைக்கு இன்ஜினில் பிரச்சினை வந்து வாரண்டி கேட்டா, முதலில் கேட்பது சர்வீஸ் ரெக்கார்டைத்தான். வருஷம் ரூ.2,350 மிச்சம் பிடிக்க, லட்ச ரூபாய் இன்ஜினுக்கான வாரண்டியில் வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்கணுமா? என் பதில்: வேண்டாம்.

அப்போ என்ன செய்யலாம்?

வாரண்டி இருக்கும்வரை ஷோரூம். ஆனா எஸ்டிமேட்டை வரி வரியா கேளுங்க. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: "இது மேனுவல்ல இருக்கா?" சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தை இப்பவே போனில் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. "ஃப்ரீ சர்வீஸ்" என்றால் பெரும்பாலும் லேபர் மட்டும்தான் ஃப்ரீ. ஆயிலுக்குக் காசு உண்டு. எத்தனை லிட்டர் போட்டாங்கன்னு பில்லில் பாருங்க.

வாரண்டி முடிஞ்ச கார் என்றால் என் ஓட்டு நம்பகமான மெக்கானிக்குக்கு. மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை (0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி) நீங்களே நல்ல கடையில் பில்லோட வாங்கிக் கொடுங்க. "கெட்டியான ஆயில்தான் நல்லது" என்பதை நம்பாதீங்க. பக்கத்தில் நின்னு பாருங்க, புது வாஷர் போடச் சொல்லுங்க.

நாமே செய்யணும்னு ஆசையா? பைக்கில் ஆரம்பிங்க. 100 சிசி பைக்குக்கு ஒரு லிட்டர் போதும், அடியில் படுக்க வேண்டாம். பழைய ஆயிலை மட்டும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊத்தாதீங்க. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. கேனில் பிடிச்சு மெக்கானிக் கடையில் கொடுத்திடுங்க.

இந்த வருஷம் 30,000 கி.மீ. சர்வீஸுக்கு அதே சென்டருக்குப் போனேன். எஸ்டிமேட் வந்தது. மூணு வரியை அடிக்கச் சொன்னேன். அட்வைசர் ஒரு தடவை சிரிச்சார், அடிச்சுக் கொடுத்தார். பில் ரூ.5,740. ரெண்டு நிமிஷ வேலை.

உங்க கடைசி சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்க. மேனுவலில் இல்லாத வரி எத்தனை, எவ்வளவு ரூபாய் என்று கமென்ட்டில் போடுங்க. அடுத்த வீடியோவில் அதில் சிலவற்றை எடுத்துப் பேசலாம்.