ஸுப்ஹுக்குப் பிந்திய உறக்கமும் கழற்றி வைத்த மாஸ்க்கும்



ஜுமுஆ பயானில் தலை சாய்ந்து உறங்கிவிடுகிறவரை ஈமான் குறைந்தவர் என்று ஏளனம் செய்வது நம் பாலக்கோட்டிலும் உண்டு. அவர் மனைவியைக் கேட்டால்தான் உண்மை தெரியும். இரவெல்லாம் பலத்த குறட்டை. திடீரென ஓர் அமைதி. பிறகு திணறலோடு மூச்சு திரும்புகிறது. இதை 'அசந்த தூக்கம்' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மருத்துவர்கள் தூக்க மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் அப்னியா, என்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் மதிப்பிட்டனர்.

தொண்டை அடைபடும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி உடலை எழுப்புகிறது. இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேலும் நிகழும். இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்திக் கொடுக்கிறது. இரவுதோறும் அடிபடும் அச்சுவர் அத்திறனை மெல்ல இழக்கிறது.

சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கிறது. சில வாரங்கள் முறையாக அணிந்தவர்களின் குழாய்கள் மீண்டும் நன்கு விரிவதையும், இரண்டு வாரம் நிறுத்தினாலே அப்பலன் குறைவதையும் ஆய்வுகள் கண்டுள்ளன. ஆயினும் முன்பே இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோய் உள்ள 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சேவ் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. அவர்கள் அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே. 4 மணி நேரத்திற்கு மேல் அணிந்தவர்களிடம் பக்கவாதம் குறைவாகத் தென்பட்டது.

நான் சொல்ல வருவது இந்த மணிக்கணக்கைத்தான். தஹஜ்ஜுதுக்கோ ஸுப்ஹுக்கோ எழுகிறவர் மாஸ்க்கைக் கழற்றுகிறார். தொழுகை முடிந்து மறுபடி படுக்கும்போது, 'இனி கொஞ்ச நேரம்தானே' என்று விட்டுவிடுகிறார். கனவுகள் மிகும் உறக்கம் அந்தப் பின்னிரவில்தான் அதிகம். மூச்சுத்தடையும் பலருக்கு அப்போதுதான் கடுமையாகிறது. ரமளானில் ஸஹருக்குப் பின் உறங்குவோருக்கும் இதே நிலைதான்.

மாஸ்க் அணிவதை வெட்கமாகவும், தவக்குலுக்குக் குறைவாகவும் கருதுவோர் இருக்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளும்படியே பதிலளித்தார்கள். இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமைகள் உண்டென்று நினைவூட்டினார்கள். அம்மூன்றும் பாதிக்கப்படும் நோய் இது என்பதை நம் ஆலிம்கள் மிம்பரில் ஒருமுறையேனும் சொல்லலாம்.

கருவியின் விலை பலருக்குச் சுமைதான். ஜமாஅத்தின் பைத்துல்மால் மருந்துச் செலவுக்கு உதவுவதுபோல் இதற்கும் உதவ ஏன் தயங்க வேண்டும்? குறட்டையின் நடுவே மூச்சு நிற்பதைக் கண்ட மனைவியோ மகனோ அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, தருமபுரியிலோ சேலத்திலோ நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டட்டும். கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஸுப்ஹு முடிந்து அவர் படுக்கும்போது மாஸ்க்கை எடுத்துக் கையில் கொடுங்கள்.