நகைப்பெட்டிக்குள் ஒரு ரிவால்வர்

பெண்களின் துப்பாக்கி என்று ஒன்று உலகத்தில் இருந்ததில்லை. ஆண்கள் செய்து, ஆண்கள் விற்று, பெண்களுடையது என்று ஆண்கள் பெயர் வைத்த துப்பாக்கிகள் இருந்தன. அந்தப் பெயர் எப்படி ஒட்டியது, இன்றும் அதை வைத்து நம்மிடம் என்ன விற்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பேச வந்திருக்கிறேன்.

நான் இருப்பது நெய்வேலி நகரியத்தில். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரி கலந்த தண்ணீர் வந்த கதையும், 1956இல் நிறுவனம் தொடங்கிய கதையும் இங்கே பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரியும். எண் போட்ட வட்டங்கள், அகலச் சாலைகள், மரநிழல். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர எந்திரத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இரும்பின் மேல் இங்குள்ள ஆண்களுக்கு இருக்கும் பிரியம் தனி ரகம். ஓய்வுபெற்ற பிறகு சிலர் ரேடியோ பழுதுபார்ப்பார்கள், சிலர் பழைய கடிகாரம் சேர்ப்பார்கள். எங்கள் வட்டத்து மகளிர் தினக் கூட்டம் ஒன்றில் பேச வந்த ஓய்வுபெற்ற பொறியாளருக்குப் பழைய பாக்கெட் ரிவால்வர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவர் சேர்ப்பது படங்களையும் வெளிநாட்டு ஏலப் பட்டியல்களையும். மகளிர் தினத்துக்கு ஏன் துப்பாக்கி என்று கேட்டோம். "பெண்களின் தற்காப்பு வரலாறும்மா இது" என்றார்.

அவர் காட்டிய முதல் படம் 'மஃப் பிஸ்டல்'. குளிருக்குக் கை நுழைத்துக்கொள்ளும் ரோம உறைக்குள் சீமாட்டிகள் ஒளித்துவைத்தது என்று விளக்கம். அந்த உறையை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆண்களும் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். லண்டனின் சாமுவேல் பெப்பிஸ் 1662இல் மனைவியின் பழைய உறையைத் தான் மாட்டிக்கொண்டதை நாட்குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் ஏலக்காரருக்குச் சின்னதாக, அழகாக, பூவேலையோடு எது கிடைத்தாலும் அது பெண்ணுடையது.

சின்னத் துப்பாக்கியை நிஜத்தில் யார் வைத்திருந்தார்கள்? 1865இல் லிங்கனைக் கொன்றது உள்ளங்கைக்குள் அடங்கும் டெரிஞ்சர். சுட்டவன் நடிகன் பூத். 1872இல் இங்கிலாந்தின் வெப்ளி நிறுவனம் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற குட்டைக் குழல் ரிவால்வரைக் கொண்டுவந்தது. கோட்டுப் பைக்கென்றே செய்தது. கோட்டுப் பை யாருக்கு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வகை ரிவால்வரால்தான் 1881இல் அதிபர் கார்ஃபீல்டை கிட்டோ சுட்டான். அருங்காட்சியகத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று தந்தப் பிடி போட்டதை வாங்க ஆசைப்பட்டான் என்று சொல்வார்கள். சேகரிப்பாளரின் மனசு கொலைகாரனுக்கும் இருந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கி பிற்பாடு காணாமலே போனது. பிரான்சில் சைக்கிள் ஓட்டுபவர்களைத் துரத்தும் நாய்களுக்காக 'வெலோடாக்' என்று ஒரு குட்டி ரிவால்வர் இருந்தது. நாய்க்குக்கூடத் தனியாக ஒரு துப்பாக்கி. இவற்றில் எதையும் யாரும் ஆண்களின் துப்பாக்கி என்று சொல்வதில்லை. அது வெறும் துப்பாக்கி.

அடுத்து வந்தது 'லேடிஸ்மித்'. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1902 முதல் 1921 வரை செய்த, ஏழு குண்டு போடும் .22 ரிவால்வர். அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பக்திமானான முதலாளி வெஸ்ஸன், விலைமாதர்கள் இதை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனம் வெதும்பி உற்பத்தியை நிறுத்திவிட்டாராம். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேனியல் வெஸ்ஸன் இறந்தது 1906இல். அதற்குப் பிறகு 15 வருடம் அந்த ரிவால்வர் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. செத்தவர் எப்படி நிறுத்துவார்? கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்தில் விழுந்துவிடும் கதை இது. சேகரிப்பவர்கள் வரிசை எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் சண்டைக்கு வருவார்கள். இந்தக் கதையை மட்டும் சரிபார்க்காமல் கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கதை அவர்களுக்கு இனிக்கிறது. குடும்பப் பெண் வைத்திருந்தால் அழகுப் பொருள், தெருவில் நிற்பவள் வைத்திருந்தால் அவமானம். யாரிடமிருந்து தப்பிக்க அவளுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை. 1980களின் கடைசியில் அதே நிறுவனம் அதே பெயரைத் தூசிதட்டி எடுத்துப் பெண்களுக்கென்று மறுபடி விற்றது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமக் கட்டுப்பாடு விதித்து, வெள்ளையர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தக் காலத்தில் துப்பாக்கி எடுத்த இந்தப் பெண்கள் தற்காப்புக்கு எடுக்கவில்லை. 1931 டிசம்பர் 14 அன்று கொமில்லாவில் மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸை சாந்தி கோஷும் சுனீதி சௌத்ரியும் சுட்டார்கள். பள்ளி மாணவிகள், மனு கொடுக்க வந்தவர்களாக உள்ளே போனார்கள். 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கவர்னர் ஜாக்சனை நோக்கி பீனா தாஸ் ஐந்து முறை சுட்டார். குறி தப்பியது, ஒன்பது ஆண்டு கடுங்காவல். ரிவால்வரைத் தேடிக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தவர் கமலா தாஸ்குப்தா என்ற இன்னொரு பெண். நிறுத்திவைத்த பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது 2012இல். அதற்கு 26 வருடம் முன்பே, ரிஷிகேஷில், பீனா தாஸ் இறந்துவிட்டிருந்தார். அந்தப் பேச்சில் இவர்கள் யாருக்கும் ஒரு படம்கூட இல்லை.

மணியாச்சிக்கு இருந்தது. 1911 ஜூன் 17, வாஞ்சிநாதன், ஆஷ். ரிவால்வர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அந்த ரயில் பெட்டியில் ஆஷின் மனைவி மேரி உட்கார்ந்திருந்தார். வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள் வீட்டில். ஒரே காலையில் இரண்டு பெண்கள் விதவையானார்கள். துப்பாக்கியின் தயாரிப்பு, மாடல், குழல் நீளம் எல்லாம் சொன்னவருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியவில்லை.

கடைசிப் படம்தான் அவர் எங்களுக்காகக் கொண்டுவந்தது: 'நிர்பீக்'. 2012 டெல்லி கொடுமைக்குப் பின், நிர்பயா என்ற பெயரை நினைவூட்டும்படி பெயர் வைத்து, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை வெளியிட்ட .32 ரிவால்வர். எடை சுமார் 500 கிராம். விலை ரூ.1,22,360. நகைப்பெட்டி மாதிரியான பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மணிப்பூரில் துப்பாக்கிகளால் குடும்பத்தை இழந்த பெண்களோடு வேலை செய்த பினாலட்சுமி நெப்ராம் அப்போதே இதைக் கண்டித்தார். துப்பாக்கிக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அது கைமாறும் என்று. கூட்டத்தில் நான் கேட்டது இதைத்தான்: "சார், வீட்டுக்குள்ள அடிக்கிறவன் கைக்கு அது எத்தனை நாள்ல போகும்?" பெண்கள் தைரியமாக இருக்கவேண்டும் என்பதுதான் பதிலாக வந்தது.

அதிகாலை ஷிப்டுக்கு முந்திரித் தோப்போரம் நடந்து வரும் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பல மாதக் கூலியைச் சேர்த்தாலும் எட்டாத விலை. அதற்கு மேல் ஆட்சியரிடம் உரிமம், போலீஸ் விசாரணை, குண்டுக்குத் தனிச் செலவு. சரி, எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். பைக்கில் பின்தொடர்கிறவனையா சுடுவாள்? வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நாளைக்கு வேலை வேணுமா" என்று கேட்கிற மேஸ்திரியையா? நம்மில் அதிகம் பேர் பயப்படுவது இருட்டில் நிற்கும் அந்நியனுக்கு அல்ல. தினமும் வணக்கம் சொல்லவேண்டிய ஆளுக்கு. அவனுக்கு எதிரான ஆயுதம் வேறு. ராஜஸ்தானின் பன்வாரி தேவி 1992இல் வல்லுறவுக்கு ஆளான பிறகு வாயை மூடாமல் இருந்ததால் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013இன் சட்டம். பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால் உள்ளகப் புகார்க் குழு இருந்தாகவேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் அதில் ஊழியர்தான். இதைச் சொல்ல எந்த மகளிர் தினத்துக்கும் எவரும் படம் போட்டுக் காட்ட வந்ததில்லை.

அன்று கூட்டம் கலைந்தபோது நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். "நாய்க்கெல்லாம் துப்பாக்கி இருக்குன்னாரே, மேஸ்திரிக்கு ஏதாவது இருக்காக்கா?" என்றார். நடந்து 50 நாள் ஆகியிருந்தது. புகாருக்குச் சட்டம் தரும் கெடு மூன்று மாதம். நாங்கள் மூன்று பேர் அவரோடு உட்கார்ந்து, தேதியும் சாட்சியும் போட்டு ஒரு பக்கத்தில் எழுதினோம். ஆறு பிரதி கேட்கிறது விதி. ஜெராக்ஸுக்கு 12 ரூபாய் ஆனது. கொடுத்த இடத்தில் முதலில் வாங்க மறுத்தார்கள், குழுவே இல்லை என்றார்கள். அதையும் எழுத்தில் கொடுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்தோம். சாயங்காலம் நாலரைக்கு முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பித் தந்தார்கள்.