வாஸ்துப் புரட்டும் வீட்டு ஜன்னலும்

நம் நாட்டில் சாதாரண மனிதன் ஒருவன் தன் ஆயுளில் ஒரே ஒரு வீடுதான் கட்டுகின்றான். அதையும் அநேகமாகக் கடன் வாங்கித்தான் கட்டுகின்றான். அப்படிப்பட்டவன் வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்னும் விஷயத்தை யாரைக் கேட்டு முடிவு செய்கின்றான் என்று பார்த்தால், வெயிலைக் கேட்டல்ல, காற்றைக் கேட்டல்ல, அடுப்பண்டை நின்று வேகப்போகும் பெண்களைக் கேட்டும் அல்ல. வாஸ்துக்காரன் ஒருவனைக் கேட்டே முடிவு செய்கின்றான். அவனுக்குத் தட்சணை கொடுத்ததோடு நிற்காமல், அவன் பேச்சால் உண்டான புழுக்கத்துக்காக ஆயுள் முழுவதும் மின்சாரக் கட்டணம் என்னும் கப்பத்தையும் கட்டி வருகின்றான்.

வாஸ்துக்காரன் சொல்வது என்ன? தெற்கு எமன் திசையாம், அங்கே வாசல் ஆகாதாம். தென்மேற்கு கன்னி மூலையாம், அதை அடைத்துவிட வேண்டுமாம். கதவு ஜன்னல்களைக் கூட்டினால் இரட்டைப்படையில் வர வேண்டுமாம்.

தெற்கிலிருந்து வருகின்ற காற்றுக்குத் தென்றல் என்று பெயரிட்டுக் கொண்டாடியவன் தமிழன். அந்தத் தென்றல் வருகின்ற வழியில்தான் எமனும் வருகின்றான் என்று சொல்லி அவன் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். சூரியனையாவது பார்த்தார்களா? சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரையில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரேயும் அதற்குச் சற்று வடக்கேயும்தான் நிற்கின்றது. அதாவது கத்திரி வெயிலிலும் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழுவதில்லை என்றே சொல்லலாம். மற்ற மாதங்களில் தெற்கே சாயும் வெயிலும் நடுப்பகலில் உயரத்திலிருந்து வருவதால், ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு இருந்தால் அநேகமாகத் தடுத்துவிடும். இவ்வளவு சாதுவான திசைக்கு எமன் பட்டம்!

பல்லடத்துப் பக்கம் ஓர் விசைத்தறித் தொழிலாளியின் புது வீட்டைப் பார்த்தோம். தென்மேற்கில் படுக்கையறை. அதன் மேற்கிலும் தெற்கிலும் ஓர் ஜன்னல்கூட இல்லை. கேட்டால் கன்னி மூலை என்றார். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வருகின்ற பூமி அது. அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை பக்கங்களில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலை முதலாளி கன்னி மூலைக்கு அஞ்சி விசிறியை ஈசானியத்துக்குத் திருப்பி வைக்கின்றானா? அவன் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கி விற்கின்றான். இவரோ வாசலுக்கு வந்த காற்றை அடைத்துவிட்டு, அந்த மின்சாரத்தையே காசு கொடுத்து வாங்கி மின்விசிறியைச் சுழற்றுகின்றார்!

சில படித்த பெரியவர்கள், "வாஸ்துவில் விஞ்ஞானம் இருக்கின்றது, வடக்கு ஜன்னல் நல்லதுதானே?" என்கின்றார்கள். வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்கு நல்லதுதான். ஆனால் அது குபேரனால் அல்ல. விஞ்ஞானம் என்றால் ஊருக்கு ஊர் மாற வேண்டும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வருகின்றது. வாஸ்துவோ அக்கினி மூலை என்று சமையலறையை அங்கே கொண்டுபோய் வைக்கின்றது. அந்தக் காற்று அடுப்புச் சூட்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைவதற்குப் பெயர் விஞ்ஞானமா? அடிக்கணக்கும் இப்படியே. ஏழடி என்றால் தரித்திரமாம். இன்று கொத்தனார் பிடிக்கின்ற அடி இங்கிலீஷ்காரன் அடி. அதையும் 1959-ல் சில நாட்டார் கூடி 0.3048 மீட்டர் என்று வரையறுத்தார்கள். இங்கிலீஷ்காரன் அளவுகோலில் நம்மவன் தரித்திரம் எப்படி ஏறி உட்கார்ந்தது என்று கேட்கின்றோம்.

நிற்க, வாஸ்துக்காரனை விரட்டிவிட்டு ஜன்னல் கடைக்காரனிடம் சிக்கிக்கொள்வதும் புத்திசாலித்தனம் ஆகாது. அவன் இரட்டைக் கண்ணாடி என்பான். வெளியே பனி உறைந்து உள்ளே கணப்பு எரிகின்ற தேசத்தில் அது அவசியம். இங்கே நாள் முழுதும் ஏ.சி. ஓடுகின்ற அறைக்கு ஒருவேளை ஆகலாம். காற்றுக்காகத் திறந்தே வைக்கின்ற ஜன்னலுக்கு அது வீண் செலவு. தள்ளு ஜன்னல் என்பான். இரண்டு தடக் கண்ணாடியில் எந்நேரமும் பாதிதான் திறக்கும். கீல் வைத்த ஜன்னலோ ஏறக்குறைய முழுவதும் திறக்கும். இந்திய அரசாங்கம் 2018-ல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதி, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் கலந்த ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கின்றது. அறுநூறு சதுர அடி வீட்டுக்கு நூறு சதுர அடி. இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று அது கேட்கவில்லை!

தலைவாசலுக்குத் தேக்கில் லட்சுமி செதுக்கக் கொட்டுகின்ற பணத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஜன்னல் கூடுதலாக வைக்கலாம். வேம்பிலும் நிலை செய்யலாம். ஏ.சி. அறைக் கதவின் கீழ்ச் சந்தில் ரப்பர் பட்டை ஒட்டினாலே குளிர் வெளியே ஓடுவது குறையும். உண்மையில் அஞ்ச வேண்டிய திசை மேற்கு. பிற்பகல் வெயில் தாழ்ந்து நேராக நுழைவதால் சன்ஷேடு அதற்குப் போதாது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, மேலே விழும் வெயிலின் சூட்டில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே திரை போடுவதால் அதிகப் பிரயோஜனமில்லை, சூடு அதற்குமுன் அறைக்குள் வந்துவிடுகின்றது. நிலை வைக்கும் நாளில் புரோகிதருக்கு அழுகின்ற பணத்துக்கு ஓர் மூங்கில் தட்டி வாங்கி, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறமாகத் தொங்கவிடுங்கள்.