சொன்னால் கேட்காத காது

“காதுல அதை மாட்டிக்கிட்டுப் போறீங்களே மேடம், பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எப்படிக் கேக்கும்?”

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்லூரியில் வண்டி நிறுத்தும் இடத்தில் சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அக்கறையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் காரில் ஏறினார். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினார். ஏசியைப் போட்டார், இளையராஜாவைப் போட்டார். மூடிய கண்ணாடியைத் தாண்டி எனக்குத் தபேலா கேட்டது. அவருக்குப் பின்னாலும் லாரி வரும். ஆனால் அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது பாட்டுக் கேட்க எந்த இயர்பட்ஸ் நல்லது என்று என் மாணவிகள் சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், காதை மூட எனக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆண்கள் இயர்பட்ஸ் வாங்கும்போது இந்தக் கேள்வி குறுக்கே வருவதில்லை.

நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். அம்மா மதுரையில். மாதத்தில் இரண்டு மூன்று வாரக்கடைசிகளில் 350 சிசி வண்டியில் விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் வழியாகப் போய்வருகிறேன். நிறுத்தி டீ குடித்தால் இரண்டரை மணி நேரம். முதல் மூன்று வருடம் காதில் எதையும் மாட்டாமல்தான் ஓட்டினேன். எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள்? பெண் தனியாகப் போகிறாய், காது திறந்திருக்கட்டும், பின்னால் யார் வருகிறான், என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டே போ. கேட்டுக்கொண்டே போனேன்.

பிறகு இரவில் காதுக்குள் ரீங்காரம் ஆரம்பித்தது. ஃபேனை நிறுத்தினாலும் நிற்காத ஒரு ‘ஙொய்’.

காது டாக்டர் பார்த்த உடனே, “ஹெட்போன்ல பாட்டுக் கேப்பீங்களா? விட்டுடுங்க” என்றார். நான் கேட்பதே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. புடவை கட்டிய ஆசிரியையிடம் பைக் ஓட்டுவீர்களா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. செவித்திறன் சோதனை செய்த பெண்தான், தன் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுந்திருந்த பள்ளத்தைக் காட்டி, “அக்கா, நீங்க முன்னாடி மில்லுல வேலை பாத்தீங்களா?” என்றாள். இரைச்சலில் கெட்டுப்போகும் காது இப்படித்தான் பள்ளம் விழுமாம். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்கு இதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். (அந்தப் பெண்களிடம் போய், ‘காதைப் பாத்துக்கோ’ என்று அக்கறைப்பட எந்த வாகன நிறுத்துமிடத்திலும் ஒருவரும் காத்திருப்பதில்லை.)

என் மில் எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. அது காற்று.

ஹெல்மெட் சத்தத்தைத் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். தடுக்காது. காற்று மோதிச் சுழன்று, தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாக உள்ளே வந்து காதுக்குப் பக்கத்திலேயே இரைகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலேயே அது 90 டெசிபலைத் தாண்டிவிடும். தொழிற்சாலைகளுக்காக வகுத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். திருச்சியிலிருந்து மதுரைக்கு இரண்டரை மணி நேரம். மூன்று வருடம் ‘பாதுகாப்பாக’ காதைத் திறந்துவைத்துக்கொண்டு போன பலன்தான் அந்தப் பள்ளம்.

ஹெல்மெட் பொருந்தாவிட்டால் இரைச்சல் இன்னும் கூடும். என் தலைக்கு 560 மில்லிமீட்டர் அளவு வேண்டும். கடைகளில் 580தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். “முடி இருக்குல்ல மேடம், செட் ஆயிடும்” என்கிறார்கள். முடி ஹெல்மெட் அல்ல. டெல்லியில் 2014வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். நம் மண்டையைக் கணக்கில் எடுக்கவே அவ்வளவு காலம் ஆன நாட்டில், நம் காதைப் பற்றி மட்டும் இத்தனை பேருக்கு எங்கிருந்து கவலை வந்தது?

அது காதைப் பற்றிய கவலை அல்ல என்பதுதான் என் வாதம். தமிழில் ‘கேள்’ என்ற சொல்லுக்கு எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். காதால் கேட்பதும் கேட்பதுதான், கீழ்ப்படிவதும் கேட்பதுதான். “எங்க பொண்ணு சொன்னாக் கேப்பா” என்றால் அவளுக்குச் செவித்திறன் நன்றாக இருக்கிறது என்றா பொருள்? பேச்சு வருவதற்கு முன்பே மாமன் மடியில் உட்கார வைத்துக் காதைக் குத்துகிறோம். பையனுக்கும்தான் குத்துகிறோம், ஆனால் அவன் ஓட்டையைத் தூர்ந்துபோக விட்டுவிடுகிறோம். அவளுடையதில் கம்மலோ, கம்மல் இல்லாத நாளில் வேப்பங்குச்சியோ இருந்தாக வேண்டும். அதன் பிறகு அந்தக் காது குக்கர் விசிலுக்கும், குழந்தை அழுகைக்கும், கூடத்திலிருந்து வரும் “ஏய், தண்ணி” என்ற குரலுக்கும் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். சாலையில் இரண்டு பையன்கள் பைக்கை ஒட்டிக் கொண்டுவந்து எதையோ கத்தினால் அதையும் கேட்டாக வேண்டும். கேட்டால்தான் பயப்பட முடியும், பயந்தால்தான் அடுத்த வாரம் பஸ்ஸில் போவாள். ‘காதில் எதையும் மாட்டாதே’ என்ற புத்திமதியில் பாதி இதுதான்.

மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த காதுக்கு ஹாரன் கேட்பதில்லை, காற்றுதான் கேட்கிறது. காதை அடைத்தால் காற்றும் ஹாரனும் ஒரே அளவில் குறைகின்றன. இரைச்சல் தணிந்துவிடுவதால், அதற்கு மேல் எழும்பும் ஹாரன் அப்போதும் கேட்கத்தான் செய்கிறது. எனக்கு ஏர்ஹாரன்களும் என் இன்ஜினின் சத்தமும் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கின்றன. ஊருக்குள் கதை வேறு. 30, 40 வேகத்தில் காற்று இரைச்சல் கிடையாது. ஆட்டோ, சைக்கிள் மணி, நாய், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாமே கேட்க வேண்டியவை. அங்கே காதை அடைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போகும் என் மாணவிகளை நான் நிறுத்தித் திட்டியிருக்கிறேன். இந்த இடத்தில் நான் அந்தக் கார் சாரின் கட்சி, அவர் தன் கண்ணாடியையும் இறக்கினால்.

காது கேளாத பெண் வண்டி ஓட்டக் கூடாதா என்றும் கேட்டுப்பாருங்கள். காது கேளாதவர்கள் உரிமத்துக்கான சோதனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. அவர்கள் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? புடவை முந்தானையைச் சரிசெய்யத்தான் அது என்று நினைக்கும் சித்தப்பாக்கள் நமக்கு வண்டி சொல்லித் தந்தார்கள்.

சரி, கடைக்குப் போவோம். திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு கடை. “யாருக்கு மேடம், தம்பிக்கா?” எனக்கு என்றேன். உடனே ரோஸ் கலரில் ஒன்றை எடுத்துவைத்தார். நான் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இயர்பட்ஸை மாட்டி, அதன் மேல் ஹெல்மெட்டைப் போட்டு, தலையை ஆட்டிப் பார்த்தேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேறு எந்த வழியிலும் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

காம்பு போலக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது ஹெல்மெட்டின் பஞ்சில் சிக்கிக் காதிலிருந்து கழன்றுவிடும். காதின் குழிக்குள் அடங்கி, வெளியே துருத்தாமல் இருப்பதுதான் வேண்டும். துருத்தினால் அரைமணி நேரத்தில் வலி எடுக்கும். தோட்டையும் ஜிமிக்கியையும் கழற்றி பர்ஸில் போட்டுவிடுங்கள். அம்மா திட்டுவாள், பரவாயில்லை. அடுத்தது காதுக்குள் போகும் ரப்பர் முனை. பெண்களின் காதுத் துளை சராசரியாகச் சிறியது. ஆனால் பெட்டியில் ‘மீடியம்’தான் மாட்டி வருகிறது. அது வலித்தால் உங்கள் காதில் கோளாறு இல்லை. சிறிய முனையை மாட்டுங்கள், அதுவும் பெரிதென்றால் அதைவிடச் சிறியது தருகிற கம்பெனியைத் தேடுங்கள். மெத்தென்ற ஃபோம் முனை இன்னும் நன்றாக அடைக்கும். முனை சரியாக உட்கார்ந்தால்தான் காற்று அடங்கும். காற்று அடங்கினால்தான் பாட்டைக் குறைவாக வைக்க முடியும். நான் இவ்வளவு எழுதுவதே அந்த ஒரு காரியத்துக்காகத்தான். இரைச்சலை முறியடிக்கச் சத்தத்தைக் கூட்டினால், காற்றோடு பாட்டும் சேர்ந்து காதைத் தின்னும்.

இரைச்சல் நீக்கும் மின்னணு வசதி இருந்தால்தான் ஆயிற்று என்று கடைக்காரர் விலையை ஏற்றப் பார்த்தார். பஸ்ஸிலும் ரயிலிலும் அது அருமை. பைக்கில், அதன் மைக்கிலேயே காற்று மோதும்போது குழம்பிப்போய்ச் சில நேரம் கரகரவென்கிறது. அதற்காக இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. தொட்டால் வேலை செய்யும் வகையும் வேண்டாம். ஹெல்மெட் பஞ்சு தொட்டுத் தொட்டு அதுவே பாட்டை மாற்றும், யாருக்காவது போனும் போடும். என்னுடையது ஒருமுறை துறைத்தலைவருக்குப் போட்டது. எலும்பு வழியாகச் சத்தம் கடத்தும் வகை காதைத் திறந்தே வைக்கிறது, அதனால் காற்றிடம் தோற்றுவிடும்.

‘பெண்கள் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம்’ என்று ஒரு சமாதானத் திட்டம் சொல்வார்கள். ஏற்காதீர்கள். திறந்த காது காற்றில் கெடும், மாட்டிய காதில் சத்தத்தைக் கூட்டி அதையும் கெடுத்துக்கொள்வீர்கள். பாட்டே வேண்டாம் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் போதும். விலை சில பத்து ரூபாய்தான். உருட்டி, காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை பிடிக்க வேண்டும். போலீஸ் விஷயம் தனி. சட்டம் கையில் பிடித்திருக்கும் கருவியைப் பற்றிப் பேசுகிறது, சோதனைச் சாவடியில் காதில் இருப்பதற்கும் ரசீது போடுகிறார்கள். நான் ஊர் எல்லைக்கு முன்பே ஓரமாக நிறுத்திக் கழற்றிவிடுகிறேன். அதற்குக் காரணம் போலீஸ் அல்ல, நாய்கள்.

போன மாதம் அம்மா என்னோடு திருச்சிக்கு வந்தார். எழுபதை நெருங்குகிறார். மேலூர் தாண்டியதும் நிறுத்தி என் காதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்தார்.

“பாட்டா?”

“பாட்டும்தான். காத்துச் சத்தத்துக்கும்தான்மா.”

“எனக்குப் பாட்டு வேணாம். அந்தப் பஞ்சு இருந்தா ரெண்டு குடு.”

ஃபோம் பிளக்கை உருட்டி நானே வைத்துவிட்டேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோதும் அவர் அதை எடுக்கவில்லை. பையில் அவருடைய போன் அடித்தது. அப்பாதான், சாவி எங்கே என்று கேட்க இருக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு புளியமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைத் தொடப் போனேன். பிறகு கையை இழுத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னேன்.