தேநீர் சிந்திய இறுவட்டும் சாரத்தின் நுனியும்

இறுவட்டின் மீது தேநீர் சிந்திவிட்டால் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. உடுத்திருக்கும் சாரத்தின் நுனியாலோ சேலைத் தலைப்பாலோ வட்டமாக அழுத்தித் துடைத்து, உடனேயே இயக்கிக்குள் செருகிப் பார்ப்பார்கள். அது ஓடாவிட்டால் "பழுதாய்ப் போச்சு" என்று குப்பைக்குள் எறிந்துவிடுவார்கள். இரண்டும் தவறு என்பதே என் கருத்து. முதலாவது, தேநீர் செய்யாத கெடுதியைச் செய்கிறது. இரண்டாவது, உயிரோடு இருப்பதைப் புதைக்கிறது.

இறுவட்டைப் பற்றி இந்தக் காலத்தில் எழுதுவதா என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். இன்றைய மடிக்கணினிகளில் வட்டைச் செருக வாயே இல்லை. பதிவு செய்யக்கூடிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியுடன் நிறுத்திக்கொண்டது. ஆனால் வட்டு போனாலும் வட்டுக்குள் இருப்பது போய்விடவில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், பல ஆண்டுகள் பிரிந்திருந்த உறவுகள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு வந்து போயின. அந்த நாட்களின் திருமணங்களும் சாமத்தியச் சடங்குகளும் கோயில் திருவிழாக்களும் இறுவட்டுகளிலேயே பதிவாயின. அதற்கு முந்திய வீடியோ நாடாக்களையும் பலர் வட்டுக்கு மாற்றிவிட்டு நாடாவை எறிந்துவிட்டனர். ஆகவே பல வீடுகளில், இறந்துபோன அப்பாவின் குரல் இருக்கும் ஒரே இடம் அலுமாரியின் மேற்தட்டில் தூசி படிந்து கிடக்கும் ஒரு வட்டுதான். அதன் மீதுதான் தேநீர்க் கோப்பையையும் வைக்கிறோம்.

தமிழகத்தில் இதனைக் குறுந்தகடு என்பர், நமக்கு இறுவட்டு. பெயர் எதுவாயினும் அமைப்பு ஒன்றே. 120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பொலிகாபனேற்றுத் தட்டு அது. ஒளிக்கற்றை கீழ்ப்பக்கத்தால் நுழைந்து, மேலேயுள்ள உலோகப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. சாதாரண சீடியில் அந்தப் படலம் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றின் கீழே மட்டுமே இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தைக் கண்மணிபோல் காத்து, எழுத்துள்ள பக்கத்தை மேசையில் உரசுகிறோமே, உண்மையில் தோல் மெலிந்த பக்கம் அதுதான். டீவீடியில் நிலைமை சற்று மேல்: 0.6 மில்லிமீற்றர் தட்டுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருக்கிறார்கள்.

மின்னணுப் பொருளாயிற்றே, தண்ணீர் படலாமா என்று அஞ்சுவோர் பலர். வட்டில் மின்சாரம் எதுவும் இல்லை. அது ஒரு பிளாஸ்டிக் தட்டு, கழுவலாம். கழுவாமல் இயக்கியில் இடுவதே ஆபத்து. கணினியின் வேகமான இயக்கிகள் சீடியை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் சுழற்றக்கூடியவை. அந்த வேகத்தில் தேநீர்த் துளி எங்கே தெறிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வட்டோடு வில்லையும் போய்விடும்.

சிந்தியது வெறும் நீரென்றால் ஒற்றியெடுத்து உலரவிட்டால் போதும். சீனி போட்ட தேநீரோ சோடாவோ என்றால், காய்வதற்கு முன் வெதுவெதுப்பான நீரின் கீழ் பிடிக்க வேண்டும். சீனி நீரில் தானே கரைந்துவிடும். பாற்தேநீரில், அதிலும் ரின்பால் விட்டதில், கொழுப்பும் இருப்பதால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி வேண்டும். அதனை விரல் நுனியால் மெதுவாகப் பரப்பி அலசலாம். காய்ந்து இறுகியிருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். காகித உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவும் வேண்டாம். சீடியானால் காகிதத்தோடு உலோகப் படலமும் உரிந்து வந்துவிடும். சில நிமிடங்கள் நீரில் இட்டால் தானாக விடும். மணிக்கணக்கில் ஊறவிடுவதும் நல்லதல்ல.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு சொல். நமது கிணற்று நீர் சுண்ணாம்பு நீர். கேத்திலின் அடியில் வெண்படை படிய விடும் அதே நீர், வட்டிலும் வெண்புள்ளிகளை விட்டுச்செல்லும். கடைசி அலசலுக்கு வாகன பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரோ, சுத்தமாகப் பிடித்த மழைநீரோ சிறந்தது.

துடைக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் வட்டைக் கெடுக்கிறார்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. இது வெறும் சம்பிரதாயம் அன்று. தகவல், நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருளும் ஒரே தடமாக எழுதப்பட்டிருக்கிறது. சீடியின் பிழைதிருத்த முறை, ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தடம் தொடர்ச்சியாக அழிந்தாலும் அதனை ஈடுசெய்துவிடும். குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் தின்னும். வட்டமாக விழும் கீறலோ தடத்தின் வழியே ஓடி, ஈடுசெய்ய முடியாத அளவுக்கு விழுங்கிவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, புதிதாகத் துவைத்ததாக இருந்தால், இதற்குப் போதும். காகிதத் துவாலை வேண்டாம்.

நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றின் கணினிப் பிரிவில், பழைய பக்கங்களைப் பதிந்து வைத்த வட்டுகளின் மேல் ஒருநாள் வெறுந்தேநீர் கவிழ்ந்தது. பொறுப்பாக இருந்தவர் கறையைப் போக்கத் தின்னர் போத்தலைக் கொண்டுவந்தார். அரை மணி நேரத்தில் வட்டுகள் கண்புரை விழுந்த கண்கள்போல் வெளுத்துவிட்டன. தேநீர் போய்விட்டது, இரண்டு மாதப் பத்திரிகையும் போய்விட்டது. தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம், பெற்றோல், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எல்லாம் பொலிகாபனேற்றுக்கு நஞ்சு. சவர்க்கார நீருக்கும் போகாத பிசுக்கானால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் நூலகர்களுக்காக வெளியிட்ட கையேடும் இதனை ஏற்கிறது. ஆனால் எழுத்துள்ள பக்கத்தில் அதனைத் தொடவிடாதீர்கள். வீட்டில் அச்சிட்ட மணமக்கள் படம் நீருக்கே கரைந்துவிடும். பற்பசை வைத்தியம் கீறலுக்குச் சொல்லப்படுவது. கறைக்கு அதைப் பூசினால் புதிய கீறல்கள்தான் கிடைக்கும்.

இவ்வளவும் எதற்காக? வட்டை நெடுங்காலம் வைத்திருப்பதற்காக அல்ல, ஒரு தடவையாவது ஓடச் செய்வதற்காக. அந்த ஒரு தடவையில் பிரதி எடுத்துவிட வேண்டும். கழுவியபின் படம் பார்க்க உட்காருகிறோம்; பார்த்து முடித்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறோம். இது எனக்குப் பெரும் மனக்குறை. நமது பத்திரிகைகளையும் நூல்களையும் 2005 முதல் நூலகம் திட்டத்தினர் எண்ணிமமாக்கி வருகிறார்கள். உங்கள் தாயாரின் அறுபதாம் பிறந்தநாள் வட்டைத் தேடி எவரும் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

கணினியோடு கம்பியால் இணைக்கும் வெளி இயக்கிகள் இன்றும் விற்பனையில் உள்ளன. இயன்றால் குறைந்த வேகத்தில், முழு வட்டையும் அப்படியே பிரதி எடுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் மற்றது வேறு நாட்டிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். எழுத்துக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழுதென்று அழித்துவிடாதீர்கள், ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதை, அடையாளம் காட்டக்கூடிய மாமியோ பெரியப்பாவோ இருக்கும்போதே கேட்டு எழுதி, கோப்போடு சேர்த்து வையுங்கள். பிரதி எடுத்த வட்டை எறிந்துவிடவும் வேண்டாம். பதிவு வட்டின் சாயத்துக்கு வெயில் ஆகாது. பெட்டியில் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.